டிரம் நின்றால் வெளியே வருவோம்

எங்கள் தெருவில் சத்தம் கேட்டு யாரும் வெளியே வரமாட்டார்கள். சத்தம் நின்றால்தான் வருவார்கள்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு தோல் தொழிற்சாலை. அதன் சுற்றுச்சுவருக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு டெம்போ நுழையும் அளவுக்குத்தான் வழி. சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக மர டிரம்கள். டிரம் என்றதும் தாளம் போடுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். படுக்க வைத்த பெரிய மரப்பீப்பாய், ஒரு சின்ன அறை அளவு இருக்கும். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு பகலும் இரவும் மெதுவாகச் சுற்றும். ஈரத்தோல் உள்ளே மேலே போய், விழும். தொம். மறுபடி மேலே போய், விழும். தொம். நாங்கள் பிறந்ததிலிருந்து அது கேட்கிறது என்பதால் எங்களுக்கு அது கேட்பதே இல்லை.

பண்டிகைக்கு நிறுத்துவார்கள், அது முன்பே தெரியும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். வேலை நாளில் திடீரென்று நின்றால் அர்த்தம் ஒன்றுதான். அங்கே வேலை பார்த்தவர் யாரோ இறந்துவிட்டார். ஊர்வலம் தெருவைத் தாண்டும்வரை டிரம் சுற்றாது. அது நின்றதும் கை வேலையைப் போட்டுவிட்டு எல்லா வாசலிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பார்கள்: "யாரு?"

என் அண்ணன் மகள் சஞ்சனாவும் கேட்பாள். ஐந்து வயதுதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி வாசலில் நின்று, "நின்னுடுச்சி. யாரு?" என்பாள். சிரிக்கக் கூடாத நேரத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவளுக்கு வந்த நோயைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அவளுடைய அத்தை. பிசிக்ஸ் படித்துவிட்டு ஷூ கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். தையல் ஒரு நூல் விலகினால் என் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் நடந்ததை மட்டும் எங்களில் ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் காதில் சீழ் வந்தது. ஜலதோஷம் என்று நினைத்துப் பஞ்சு வைத்தோம். பிறகு ஒரு காலையில் தலைவலி என்று அழுதாள். குடித்த பாலை அப்படியே கக்கினாள். வேறு ஊராக இருந்தால் அப்போதே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். எங்கள் தெருவில் தலைவலிக்கும் வாந்திக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: வாடை. எதிரே தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரைத் திறந்துவிட்ட நாளில் அழுகின முட்டை நாற்றம் வரும். பெரியவர்களுக்கே தலை இடிக்கும். அன்றைக்கும் திறந்திருந்தார்கள்.

"வாட அடிச்சிக்கிச்சி. நல்ல காத்துப் பட்டா சரியாப்பூடும்" என்றான் அண்ணன் சேகர். அவன் அந்தத் தொழிற்சாலையில்தான் டிரம் ஆபரேட்டர். அவனுக்குத் தெரியாத வாடையா?

பக்கத்து வீட்டு ஷமீமா அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுலயும் எல்லாருக்கும் தலவலி மா. இன்னிக்கி ஜாஸ்தியா இருக்குது" என்றார்கள். எனக்கும் தலை வலித்தது. எல்லோருக்கும் இருப்பது தானே அவளுக்கும் என்று தோன்றியது. அதுதான் எங்கள் ஊரின் தப்பு. வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

வாடை அடித்த குழந்தையை என்ன செய்வார்கள்? காற்றுக்குக் கூட்டிப்போவார்கள். நாயக்கனேரி மலை அடிவாரத்தில் அண்ணியின் அக்கா வீடு இருக்கிறது. அங்கே புளியமரம், கிணறு, நல்ல காற்று. அண்ணி ரேவதி கைக்குழந்தைக்காரி என்பதால் நானும் அண்ணனும் சஞ்சுவை வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் என் துப்பட்டாவைத் தலையில் போட்டு மூடிக்கொண்டாள்.

"இன்னாடி, வெயிலா?"

"வெளிச்சம் கத்துது அத்த."

அழகாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். வெளிச்சம் தாங்காமல் கண் கூசுவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்று எனக்கு அப்போது தெரியாது.

மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். காற்று நன்றாகத்தான் வந்தது. மதியம் அவளுக்குக் கஞ்சி கொடுக்கத் தலையைத் தூக்கினேன். கழுத்து மடங்கவில்லை. தலையோடு சேர்ந்து முதுகும் பலகை மாதிரி எழுந்தது. உடம்பு கொதித்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைத் தாண்டி மரத்தின் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

அப்புறம் வலிப்பு வந்தது. அண்ணியின் அக்கா வீட்டுக்காரர் ஓடிவந்து, காலில் கிடந்த தோல் செருப்பைக் கழற்றி அவள் மூக்கருகே பிடித்தார். வலிப்புக்குத் தோல் வாடை காட்டுவது அங்கே பழக்கம். தோல் வாடைக்குப் பயந்து கூட்டிப்போன குழந்தை, தோல் செருப்பை முகர்ந்தபடி துடித்துக்கொண்டிருந்தாள். அதையும் தட்டிவிடத் தோன்றாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன்: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, செருப்பு தேவையில்லை, வண்டிதான் தேவை.

வலிப்பு அடங்கியதும் ஆம்பூருக்குத் தூக்கி வந்தோம். டாக்டர் அவள் தாடையை நெஞ்சுப் பக்கம் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. நாற்காலியில் திரும்ப உட்காரக்கூட இல்லை. "வேலூருக்குப் போங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போறோம்னு சொல்லாதீங்க" என்றார். ஆம்புலன்சில் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போது சஞ்சு முதல் தடவையாக அதைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாக.

"டிரம் உள்ள யாரோ தட்றாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வேலூர் மருத்துவமனையில் முதல் மருந்தை உடனே ஏற்றிவிட்டார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். அப்புறம் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான்.

"முதுகுல ஊசி வாணாம் மேடம். எங்க செக்ஷன்ல ஒர்த்தருக்குப் போட்டு காலே விழுந்துடுச்சி."

"ஊசியால விழுந்துச்சா, வேற நோயால விழுந்துச்சா?"

"விழுந்துச்சி மேடம். அவ்ளோதான் எனுக்குத் தெரியும்."

என்னால் சும்மா இருக்க முடியாது. கேள்வி வந்தால் வாய் திறந்துவிடும். ஊசி எந்த இடத்தில் போகும், தண்டுவடம் எதுவரை இருக்கிறது, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனேன். டாக்டர் கோபப்படாமல் கையுறைக் கவரின் பின்பக்கம் படம் போட்டார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மெல்லிய உறைகள் இருக்கின்றன. உறைக்கு உள்ளே தெளிந்த நீர். கிருமி அந்த உறையில் இறங்கி வீங்க வைத்தால் அதுதான் மெனிஞ்சைட்டிஸ், மூளை உறைக் காய்ச்சல். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே. அங்கே நரம்புகள் நூல் மாதிரி நீரில் மிதக்கும், ஊசி பட்டால் விலகிக்கொடுக்கும். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்ய முடியும்.

படத்தை அண்ணனிடம் காட்டி, "டிரம்முல பதம் பாக்க மூடியத் தொறந்து துளி தண்ணி எடுக்கறியே, அதே தாண்டா. டிரம்முக்கு ஒண்ணும் ஆவறதில்ல" என்றேன். கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு நின்றான்.

நீர் சின்னக் குழாயில் சொட்டியது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டியது. அரிசி கழுவிய நீர் மாதிரி இருந்தது. கதவிடுக்கில் பார்த்த அண்ணன், "சுண்ணாம்புத் தண்ணிடீ" என்றான்.

கிருமி நிமோனியாவை உண்டாக்கும் அதே வகை. காதுச் சீழிலிருந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்றார்கள். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இப்போது கைக்குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். சஞ்சு பிறந்தது ஊரடங்குக் காலத்தில். சில ஊசிகள் தள்ளிப்போய், தள்ளிப்போனதே மறந்தும் போயிருந்தது. தம்பிப் பாப்பாவுக்கு எல்லாம் போட்டிருக்கிறதா என்று அண்ணியைப் போனில் கேட்டேன். "போட்டாச்சி, போட்டாச்சி" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். அங்கே பகலும் ராத்திரியும் ஒரே வெளிச்சம். கட்டிலுக்குக் கட்டில் இயந்திரங்கள் வெவ்வேறு சுருதியில் கூப்பிடும். சஞ்சு மயக்கத்தில் கிடந்தாள். அவளுடைய வலது ஆள்காட்டி விரல் மட்டும் தூங்கவில்லை. போர்வை மேல் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. மெதுவாக, ஒரே திசையில்.

"பாப்பா ஏதோ வரையறா" என்றார் நர்ஸ்.

அந்த வேகம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று வாழ்நாள் முழுதும் பார்த்த வேகம். விரல் மேலே போகும்போது கொஞ்சம் தயங்கி, இறங்கும்போது விழுந்தது, உள்ளே ஈரத்தோல் இருப்பதுபோல.

நடுநடுவே உதடு அசையும். குனிந்து கேட்டால் அதே பேச்சு. "தட்றாங்க அத்த. தொறந்து வுடு."

எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்த, கிட்டே போனால் டிரம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொல்வது வழக்கம். நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருப்பது யார், அதை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றபோது என் முதுகில் அது கேட்டது. தொம். கொஞ்ச நேரம் கழித்து, தொம். காதை வைத்துக் கேட்டேன். சந்தேகமே இல்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அங்கே துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லமா. மாடிப்படி."

போய்ப் பார்த்தேன். மாடிப்படிதான். யாரும் இல்லை. ஆம்பூர் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி.

காத்திருக்கும் கூடத்தில் அண்ணனைச் சுற்றி எப்போதும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். அவன் மேல் அடிக்கும் வாடை குளித்தாலும் போகாது. ஷமீமா அக்கா பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்து, அந்தக் காலி நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்தார்கள்.

"சேகரு, நீ பட்டினி கெடந்தா நோய் பயந்து ஓடிடுமா? துன்னு."

"எறங்கல கா."

"எறங்கலன்னா தண்ணி குடிச்சித் தள்ளு. இவள பாரு, போனப் பாத்துப் பாத்து பாதி டாக்டர் ஆய்ட்டா. இவளுக்குக்கூட எறங்குது."

எனக்கும் இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, இங்க டிரம் சத்தம் கேக்குதா?" என்றேன். அவர்கள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். பொட்டலத்தில் மிச்சமிருந்த முட்டையை என் பக்கம் தள்ளினார்கள்.

அப்புறம் ஒரு மதியம், காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்த நேரம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது. வட்டம் முடியவில்லை. மேலே போய்க்கொண்டிருந்தது, பாதியில் நின்று, போர்வையில் படுத்துக்கொண்டது.

டிரம் நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தைப் பார்த்தேன், இதயம் ஒழுங்காகத் துடித்தது. நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிதற்றலும் அன்றோடு விட்டது. உளறல் போய்விட்டது, இனி பயமில்லை என்று வெளியே ஓடி அண்ணனிடம் சொன்னேன். பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்போதுதான் திருப்பிக் கொடுத்தான், வேறு ஒரு டாக்டரிடம்.

அவள் நன்றாகக் கண் விழித்தபோது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அண்ணி பாப்பாவை ஷமீமா அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சஞ்சு எங்களைப் பார்த்தாள். மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"நின்னுடுச்சி" என்றாள், வார்டே திரும்பிப் பார்க்கும் குரலில். "யாரு அத்த?"

நாங்கள் மூவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் இல்லை.

"யாரும் இல்லடா தங்கம். அம்மா இங்க கீறேன் பாரு" என்றார் அண்ணி.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மறுபடி வாசலைப் பார்த்து, "யாரு?" என்றாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். "எதையோ பாக்குதுமா. துன்னூறு பூசி வுடுங்க" என்றார். அண்ணன் எழுந்து போய் வாசலில் நின்றான். அங்கே யாராவது இருந்தால் மறைத்துக்கொள்ளலாம் என்பதுபோல.

நான் சஞ்சுவின் கண்ணைப் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்த," என்றாள், "ஏன் எல்லாரும் வாய மட்டும் ஆட்றீங்க?"

கட்டிலுக்குப் பின்னால் போய் அவள் தலைக்கு மேலே கை தட்டினேன். பலமாகத் தட்டினேன். பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுதது. சஞ்சு திரும்பவில்லை. அவள் வாசலில் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள். டிரம் நின்றுவிட்டது, யாரோ செத்துப்போய்விட்டார்கள், நாங்கள் சொல்லாமல் மறைக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

இந்த நோய் உள்காதைப் பிடித்துக்கொள்ளும். அதைக் குறைக்கத்தான் முதல் மருந்தோடு சேர்த்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில குழந்தைகளுக்கு அப்படியும் காது தப்புவதில்லை. தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி, காதில் டிக் டிக் என்று சத்தம் விட்டு, மூளை பதில் சொல்கிறதா என்று திரையில் பார்த்தார்கள். இடது காதுக்கு வந்தது நேர்கோடு. வலது காதில் மிகப் பெரிய சத்தத்துக்கு ஒரு சின்ன மேடு. கூடவே அவசரமும் உண்டு. உள்காது நத்தை மாதிரி சுருண்ட குழாய். நோய் போன பிறகு அதற்குள் எலும்பு வளர்ந்து அடைக்கத் தொடங்கலாம். அடைவதற்குள் அறுவை செய்து கருவி வைக்க வேண்டும். அரசுக் காப்பீட்டில் அதற்கு வழி இருக்கிறது என்றதும் அண்ணி முதல் முறையாக உட்கார்ந்தார்.

விரலைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். காது கெடும்போது உள்ளேயே ஓர் இரைச்சல் எழலாம், அதை அவள் தெரிந்த சத்தமாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றார். "தட்டுச்சுன்னு சொன்னதும் அதுதானா?" என்றேன். இருக்கலாம் என்றார். எனக்கு ஏன் கேட்டது என்று கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் நான் விட்ட இடம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தோம். அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் கிடைத்த அமைதியில் இதை எழுதுகிறேன். கருவி வைத்தாலும் எவ்வளவு கேட்கும், பயிற்சி எவ்வளவு காலம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. காதில் சீழோடு காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து மடங்காமை, கண் கூச்சம். இவை சேர்ந்து வந்தால் காற்றுக்குக் கூட்டிப்போகாதீர்கள். நம் ஊர் வாடைக்கு எல்லோர் தலையும் வலிக்கும். குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய அன்று சஞ்சு வீட்டுக்குள் வர மறுத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளாட்டமாகத்தான் நடந்தாள். நடு வழியில் நின்று தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். வாசல்களில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள், ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் பார்த்தது, சத்தமே இல்லாத தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். அவள் முகம் கோணியது.

"யாரு?" என்றாள்.

எங்களுக்கெல்லாம் டிரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஷமீமா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அண்ணன்தான் போனான். அவளைத் தூக்காமல், கையைப் பிடித்துச் சுற்றுச்சுவரிடம் கூட்டிப்போய், அவள் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவள் கன்னத்தையும் சுவரில் வைத்தாள். மற்றொரு கையின் விரல் காற்றில் மெதுவாக வட்டம் போடத் தொடங்கியது.

தெருவைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"ஓடுது. யாரும் சாவல. உள்ள போங்க."